ஃப்ளூ சரியாகி டிஸ்சார்ஜ் ஆகியாச்சு... ஒரு கால் மட்டும் ஏன் வீங்குது? - வில்லியனூர், பாகூர் கவனிக்க வேண்டிய ரத்த உறைவு ஆபத்து

2024 மே மாசம் உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல என்ன ஓடிச்சுன்னு கொஞ்சம் ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. 'கோவிஷீல்டு போட்டவங்களுக்கு ரத்தம் உறையுமாம்' என்ற மெசேஜை குறைஞ்சது நாலு பேராவது ஃபார்வர்டு பண்ணியிருப்பாங்க. அதுல ஒரு உண்மையும் இருந்தது. தங்கள் தடுப்பூசி மிக மிக அரிதாக ரத்த உறைவையும் தட்டணுக்கள் குறைவதையும் உண்டாக்கலாம் என்று ஆஸ்ட்ராஜெனெகா நிறுவனம் பிரிட்டன் நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரி டீக்கடை முதல் டி.வி விவாதம் வரைக்கும் ஒரு மாசம் ஓடியது.

அதே விஷயத்தின் மறுபாதி மட்டும் ஃபார்வர்டு ஆகவே இல்லை. 2021 ஆகஸ்ட்டில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஒரு ஆய்வை வெளியிட்டது. இங்கிலாந்தில் தடுப்பூசி போட்டுக்கொண்ட சுமார் 2.9 கோடி பேரின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வு அது. சிரைகளில் ரத்தம் உறையும் பிரச்னையை மட்டும் எடுத்துக்கலாம். ஒரு கோடி பேர் ஆஸ்ட்ராஜெனெகா முதல் டோஸ் போட்டால், வழக்கத்தைவிடக் கூடுதலாக 66 பேருக்கு அது வந்தது. ஒரு கோடி பேருக்கு கோவிட் தொற்றே வந்தால்? கூடுதலாக 12,614 பேருக்கு.

66 எங்கே, 12,614 எங்கே! ஊசியைப் பார்த்துப் பயப்படக் கத்துக்கிட்ட நாம, வைரஸ் செய்யுற அதே வேலையைக் கவனிக்காம விட்டுட்டோம். இன்னொன்றையும் கவனிக்காமல் விட்டோம். ரத்தத்தை உறையவைக்கும் வேலையைச் செய்வது கோவிட் மட்டுமில்லை. வருஷா வருஷம் வந்துபோகும் ஃப்ளூவும் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும் அளவுக்கு முற்றினால் அதையே செய்யும்.

லீவு விட்டாங்க... அப்புறம்?

2023 மார்ச் மாதத்தைப் புதுச்சேரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டீங்க. அந்த மாதம் 4-ம் தேதி வரையில் 79 பேருக்கு எச்3என்2 இன்ஃப்ளூயன்சா உறுதியாகியிருந்தது. மார்ச் 16 முதல் 26 வரை 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசு விடுமுறை அறிவித்தது. நாடு முழுக்க அதுதான் நியூஸ். ஃப்ளூவுக்காகப் பள்ளிகளை மூடிய யூனியன் பிரதேசம்!

லீவு விட்டது நல்ல முடிவுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனா, அந்தச் சமயம் வந்த செய்திகளை இப்போ எடுத்துப் படிச்சுப் பாருங்க. எத்தனை பேருக்கு பாசிட்டிவ், மாஸ்க் போடணுமா, பரீட்சை தள்ளிப்போகுமா... இது மூணுதான் திரும்பத் திரும்ப வரும். பள்ளிக்கூடம் போகாத வயசுல இருக்குற தாத்தாவும் ஆயாவும் மூச்சுத்திணறலோட அட்மிட் ஆனா, அதுக்கப்புறம் அவங்க உடம்புக்குள்ள என்ன நடக்கும்னு பேசுற செய்தியைத் தேடினாலும் கிடைக்கிறது கஷ்டம்.

அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2022 ஆகஸ்ட்டில் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. கோவிட் காரணமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 85 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும், கோவிட் வருவதற்கு முந்தைய சீசனில் ஃப்ளூவுக்காகச் சேர்ந்த 8,269 பேரையும் ஒப்பிட்டார்கள். அட்மிட் ஆனதிலிருந்து 90 நாள்களுக்குள் சிரைகளில் ரத்தம் உறைந்தவர்கள், தடுப்பூசி வருவதற்கு முந்தைய கோவிட் நோயாளிகளில் 9.5 சதவிகிதம். தடுப்பூசி வந்த பிறகான காலத்தில் 10.9 சதவிகிதம். ஃப்ளூ நோயாளிகளில் 5.3 சதவிகிதம்.

இந்த ஆய்வு வெளிவந்தப்போ, 'ஃப்ளூவைவிட கோவிட் மோசம்' என்பதைத்தான் எல்லோரும் தலைப்பாக்கினார்கள். எனக்கு அந்த 5.3-தான் பெரிசாத் தெரியுது. 'சாதாரண ஃப்ளூதானே' என்று நாம் சொல்லும் நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில், ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவருக்கு ரத்தம் உறைந்திருக்கிறது. அமெரிக்க எண்ணிக்கையை அப்படியே தூக்கிவந்து வில்லியனூரில் ஒட்ட முடியாதுதான். வயது, உடல் எடை, சிகிச்சை முறை எல்லாம் வேற. ஆனா, வைரஸ் வேற இல்லையே!

அதே ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற தமனி அடைப்புகளை எடுத்துக்கொண்டால் இரண்டு நோய்களுக்கும் இடைவெளி ரொம்பவே குறைவு. ஃப்ளூவில் 14.4 சதவிகிதம். கோவிட்டில் 15.8-ம் 16.3-ம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த வேறொரு ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் 7 நாள்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சாதாரண நாள்களைவிட சுமார் 6 மடங்கு அதிகம் என்று 2018-லேயே சொல்லிவிட்டது.

வாய்க்கால்ல தண்ணி நின்னா என்ன ஆகும்?

முதல்ல ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். அடிபட்ட இடத்துல கன்னிப்போய் நீலமா தெரியுறதையும் 'ரத்தக்கட்டு'னுதான் சொல்றோம். அது ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்த ரத்தம். பெரும்பாலும் தானா சரியாகும். இங்கே நாம பேசுறது ரத்தக்குழாய்க்கு உள்ளேயே ரத்தம் உறைந்து கட்டியாவது பற்றி. பெரும்பாலும் காலின் ஆழத்தில் ஓடும் சிரையில்தான் அது உருவாகும். அங்கேயே இருந்தால் கால் வீங்கும். பிய்த்துக்கொண்டு கிளம்பினால் தொடை, வயிறு வழியாக மேலேறி, இதயத்தின் வலப்பக்கத்துக்குள் நுழைந்து, நுரையீரலுக்குப் போகும் குழாயில் போய்ச் சிக்கிக்கொள்ளும். பெரிய கட்டியாக இருந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம்.

ரத்தம் ஏன் உள்ளே உறைகிறது என்பதற்கு மூன்று காரணங்களை மருத்துவ மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 19-ம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ பெயரால் வழங்கும் பாடம் அது. அவர் பிறந்த அக்டோபர் 13-ம் தேதியைத்தான் உலக ரத்த உறைவு தினமாக வைத்திருக்கிறார்கள். பாகூர்க்காரர்களுக்கு அந்த மூன்றையும் விளக்க மருத்துவப் புத்தகமே தேவையில்லை. பாகூர் ஏரிக்குத் தண்ணி கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை நினைச்சுக்கோங்க. கரை உடைஞ்சா குப்பை அங்கே சிக்கும். ஓட்டம் நின்னா ஆகாயத்தாமரை மண்டும். வர்ற தண்ணியிலேயே சேறு அதிகமா இருந்தா வாய்க்கால் தூர்ந்துபோகும். ரத்தக்குழாயிலும் இதே கதைதான். உள்சுவர் சேதமாவது, ஓட்டம் தேங்குவது, ரத்தமே கெட்டித்தன்மை கூடி உறையத் தயாராக இருப்பது.

நுரையீரலைத் தாக்கும் வைரஸ் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்துவிடுகிறது. உடம்பு முழுக்க அழற்சி கிளம்பி ரத்தக்குழாயின் உள்சுவர் பாதிக்கப்படும். அழற்சியின்போது சுரக்கும் ரசாயனங்கள், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைத் தட்டி எழுப்பும். கூடவே காய்ச்சல், வாந்தி, சரியாகச் சாப்பிடாதது என்று நீர்ச்சத்து குறையும். கடைசியாக, படுக்கை. கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும்போதுதான் காலில் இருக்கும் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அஞ்சு நாள் படுத்தே இருந்தால் அந்த பம்ப் வேலை செய்யாது.

கோவிட் வந்தபோதுதான் இது எவ்வளவு மறைவாக நடக்கிறது என்பது உலகத்துக்கே உறைத்தது. 2020-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், கோவிட்டால் இறந்த முதல் 12 பேரின் உடல்களைப் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். 7 பேருக்கு கால் சிரையில் கட்டி இருந்தது. உயிரோடு இருந்தபோது அந்த 7 பேரில் ஒருவருக்குக்கூட அப்படி ஒரு சந்தேகம் எழவில்லை. 4 பேரின் மரணத்துக்கு நுரையீரலில் போய் அடைத்த கட்டியே நேரடிக் காரணம். அதே வருஷம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இன்னொரு ஆய்வு. கோவிட்டால் இறந்த 7 பேரின் நுரையீரலையும், ஃப்ளூவால் இறந்த 7 பேரின் நுரையீரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். காற்றறைகளைச் சுற்றிய நுண்குழாய்களில் இருந்த குட்டிக் கட்டிகள் கோவிட்டில் 9 மடங்கு அதிகம். ஒன்பது மடங்குதான் அதிகம் என்றால், ஃப்ளூ நுரையீரலிலும் கட்டிகள் இருந்தன என்றுதானே அர்த்தம்?

'நம்ம ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் வராது'

ரொம்ப காலமாக இந்தியாவில் டாக்டர்கள் மத்தியிலேயே ஒரு நம்பிக்கை இருந்தது. காலில் ரத்தம் உறைவதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய், நம்மவர்களுக்கு அரிது என்று. வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையிலான தங்கள் ஆஸ்பத்திரிப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்து, அட்மிட் ஆகும் ஒவ்வொரு 10,000 பேரிலும் 17 பேருக்கு மேல் இந்தப் பிரச்னை இருப்பதை 2009-ல் வெளியிட்டார்கள். நம் பக்கத்து ஊரிலிருந்தே வந்த பதில் அது.

நம்பிக்கை பொய்யானாலும் பழக்கம் மாற நாளாகும். 'எண்டோர்ஸ்' என்று 32 நாடுகளில் ஒரு ஆய்வு நடந்தது. ரத்தம் உறையும் ஆபத்துள்ள உள்நோயாளிகளில் எத்தனை பேருக்குத் தடுப்பு சிகிச்சை கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். இந்தியாவில் அது சுமார் 17 சதவிகிதம். இது கோவிட்டுக்கு முந்தைய காலக் கணக்கு. கோவிட் வார்டுகளில் ஹெப்பாரின் ஊசி கிட்டத்தட்ட வழக்கமான மருந்தாகவே ஆனது. கேள்வி இதுதான்: அந்தப் பழக்கம் கோவிட் வார்டை மூடியதோட போயிடுச்சா, இல்லை ஃப்ளூ நிமோனியாவோடு வரும் பாகூர் தாத்தாவுக்கும் தொடருதா?

இது ஒன்றும் ராக்கெட் தொழில்நுட்பம் இல்லை. 2010-ல் இத்தாலியின் பதுவா நகர மருத்துவர்கள் ஒரு மார்க் போடும் முறையை வெளியிட்டார்கள். குறைந்தது 3 நாள் படுக்கையிலேயே இருந்தால் 3 மார்க். புற்றுநோய் இருந்தால் 3. முன்பே கட்டி வந்திருந்தால் 3. வயது 70 அல்லது அதற்கு மேல் என்றால் 1. இதயமோ நுரையீரலோ செயலிழந்து திணறினால் 1. தீவிரத் தொற்று 1. உடல் பருமன் 1. ஹார்மோன் சிகிச்சை 1. இப்படி இன்னும் சில. மொத்தம் 4-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம் என்று அர்த்தம். ஃப்ளூ நிமோனியாவில் ஆக்ஸிஜன் வைத்துப் படுத்திருக்கும் 72 வயதுக்காரருக்குப் போட்டுப் பாருங்க: 3, 1, 1, 1... ஆறு வந்துடுச்சு. அவர்களின் ஆய்வில், 4 அல்லது அதற்கு மேல் இருந்தும் தடுப்பு மருந்து கிடைக்காதவர்களில் 11 சதவிகிதம் பேருக்கு ரத்தம் உறைந்தது. கிடைத்தவர்களில் 2.2 சதவிகிதம்தான்.

அந்தத் தடுப்பு மருந்து பெரும்பாலும் வயிற்றுத் தோலுக்கு அடியில் போடும் ஒரு சின்ன ஊசி. கூடவே, முடிந்தவர்களைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது.

ஆனா ஒரு எச்சரிக்கை, அதுவும் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியமானது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஃப்ளூவும் டெங்குவும் ஒன்றாகவே வரும். டெங்குவில் தட்டணுக்கள் குறைந்து ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அந்த நேரத்தில் ரத்தத்தை உறையாமல் தடுக்கும் மருந்து கொடுத்தால் விபரீதம். அதனால்தான் 'ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை' என்று மெடிக்கல் ஷாப்பில் ஆஸ்பிரினைக் கேட்டு வாங்கிப் போடும் வேலை வேண்டவே வேண்டாம். காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் தொடக்கூடாத மாத்திரை அது.

டாக்டருக்கே இது எளிதான முடிவில்லை. 2021-ல் பல நாடுகளில் சேர்ந்து நடத்திய ஆய்வில், கோவிட்டுக்காக சாதாரண வார்டில் இருந்தவர்களுக்கு முழு அளவு ஹெப்பாரின் பலன் தந்தது. ஐ.சி.யூ-வில் இருந்தவர்களுக்கு அதே அளவு பலன் தரவில்லை. அதே நோய், அதே மருந்து, ரெண்டு விதமான முடிவு. இதுல நீங்களும் நானும் யூடியூப் பார்த்து டோஸ் முடிவு பண்றதுக்கு எதுவுமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கதையே

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆபத்து டிஸ்சார்ஜ் சம்மரியோடு முடிந்துவிடுவதில்லை. 2022-ல் ஸ்வீடன் நாட்டில் கோவிட் வந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், கால் சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பு 3 மாதம் வரையிலும், நுரையீரல் குழாய் அடைப்புக்கான வாய்ப்பு 6 மாதம் வரையிலும் கூடுதலாகவே இருந்தது. அமெரிக்க ஆய்வு 90 நாள் கணக்கெடுத்ததும் அதனால்தான்.

இப்போ வில்லியனூர், பாகூர் கொம்யூன் வீடுகளுக்கு வாங்க. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை நாம எப்படிப் பார்த்துக்குவோம்? 'எழுந்திரிக்காதே, நல்லா ரெஸ்ட் எடு.' தட்டு கட்டிலுக்கே வரும். தண்ணி அதிகம் குடிச்சா சளி கட்டும்னு அதையும் குறைப்போம். பாசத்தில் செய்வதுதான். ஆனா மேலே சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றை, தேக்கத்தை, நாமே ஊட்டி வளர்க்கிறோம்.

பத்தாம் நாள் ஒரு கால் வீங்குது. என்ன நினைப்போம்? இந்த மண்ணில் யானைக்கால் நோய் ரொம்ப காலம் இருந்தது. 1975-ல் தொடங்கப்பட்ட ஐ.சி.எம்.ஆரின் நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் புதுச்சேரியில்தான் இருக்கிறது. 1980-களில் அவர்கள் யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்தை நடத்திக் காட்டியதும் இங்கேதான். அதனால் ஒரு கால் வீங்கினாலே பெரியவங்களுக்கு முதல்ல அந்த நினைப்பு வர்றது இயல்பு. அது இல்லைனா வாயு, நரம்பு பிசகு, கட்டில்ல கோணலா படுத்தது. அடுத்து யாராவது தைலத்தை எடுத்துட்டு வந்து அழுத்தித் தேய்ப்பாங்க. சிரைக்குள் கட்டி இருக்கும் காலை அழுத்தித் தேய்த்தால், அந்தக் கட்டி பிய்ந்து மேலே போகலாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நீங்க ஃபார்வர்டு பண்றதா இருந்தா, இதைப் பண்ணுங்க.

யானைக்கால் வீக்கம் மாதங்கள், வருஷங்கள் எடுத்து மெதுவாக வளரும். ரத்த உறைவு வீக்கம் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று வரும். கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு, தோல் இறுக்கம் இருக்கும். சிவப்பதாக இங்கிலீஷ் வெப்சைட்டுகள் சொல்லும், நம்ம நிறத்துக்கு அது கருத்துப்போன மாதிரிதான் தெரியும். சிறுநீரகம், இதயக் கோளாறால் வரும் வீக்கம் பெரும்பாலும் ரெண்டு காலிலும் இருக்கும். ஒரு டெய்லர் டேப் இருந்தா போதும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ கீழே ரெண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்து பாருங்க. 3 செ.மீ-க்கு மேல் வித்தியாசம் இருந்தால், டாக்டர்கள் பயன்படுத்தும் மதிப்பெண் முறையிலேயே அது ஒரு மார்க். வித்தியாசம் இல்லை என்பதால் கட்டி இல்லை என்று முடிவுகட்டிடாதீங்க. பல நேரம் கால் எந்த அறிகுறியும் காட்டாது, நேராக நுரையீரல்தான் காட்டும்.

அங்கேதான் பெரிய சிக்கல். திடீர் மூச்சுவாங்கல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், படபடப்பு, இருமும்போது சளியில் ரத்தம், மயக்கம். இதில் முதல் ரெண்டும் ஃப்ளூவிலிருந்து மீண்டுவருபவருக்கு ஏற்கெனவே இருந்தவைதான். 'நெஞ்சு சளி இன்னும் கரையலை', 'வீக்னஸ்' என்று சொல்லி கஷாயம் வைத்துவிடுவோம். கவனிக்க வேண்டியது திசையை. நேற்று வாசல் வரை நடந்தவர் இன்று பாத்ரூம் போக முடியாமல் வாங்குகிறார் என்றால், அது குணமாகும் திசை இல்லை. 2021-ல் வாங்கிய ஆக்ஸிமீட்டர் உங்க வீட்டு டிராயர்ல கிடக்கும், பேட்டரி மாத்தி வையுங்க. அதில் எண் சரியாகக் காட்டினாலும், புதுசா வந்த மூச்சுத்திணறலை அதுக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

போவது எங்கே? ஒரு விதத்தில் இந்தப் பகுதி அதிர்ஷ்டம் செய்தது. அரியூரிலும் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டில் ஜிப்மர். இந்தியாவில் பல மாவட்டங்களுக்கே இல்லாத வசதி இது. ஆனா பாகூரிலிருந்து கோரிமேடு போக கடலூர் சாலையில் ஏறி, நகர நெரிசலைத் தாண்டித்தான் போகணும். ராத்திரி ஆனால் 'காலைல பார்த்துக்கலாம்' என்ற முடிவு சுலபமாக வந்துவிடும். இன்னொரு சிக்கல், இந்த கொம்யூன்களின் கிராமங்கள் தமிழ்நாட்டு கிராமங்களோடு பின்னிக் கிடக்கின்றன. ஒருவர் ஒரு மாநிலத்தில் அட்மிட் ஆகி, இன்னொரு மாநிலத்து ஆஸ்பத்திரியில் ஃபாலோ அப் போவது இங்கே சகஜம். இவர் சமீபத்தில் அஞ்சு நாள் படுக்கையில் இருந்தார் என்பது புதிய டாக்டருக்குத் தெரிய ஒரே வழி, உங்க கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரிதான். போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க.

அங்கே போனதும் 'கால் வலி' என்று மட்டும் சொல்லாதீங்க. 'போன மாசம் ஃப்ளூ நிமோனியாவுக்காக அட்மிட் ஆகியிருந்தார், இப்போ ரெண்டு நாளா ஒரு கால் வீங்குது, ரத்த உறைவா இருக்குமா?' என்று கேளுங்க. கால் சிரையைப் பார்க்க டாப்ளர் ஸ்கேன், நுரையீரலுக்கு சி.டி ஆஞ்சியோ. கோவிட் ரெண்டாவது அலையில் லேப் வாசலில் வரிசைகட்டி நின்னு டி-டைமர் டெஸ்ட் எடுத்தது ஞாபகம் இருக்கா? அந்த டெஸ்ட் எந்தத் தொற்றிலும் ஏறும். டாக்டர் சொல்லாமல் நீங்களாக எடுத்தால், பயம் ஏறுவதைத் தவிர பெரிதாக ஒன்றும் தெரியாது.

'எனக்கு இருபத்தஞ்சு வயசு, எனக்கென்ன?'

நியாயமான கேள்வி. வீட்டிலேயே மூணு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்த இளைஞருக்கு இந்த ஆபத்து ரொம்பக் குறைவு. அட்மிட் ஆகாத கோவிட் நோயாளிகளுக்கு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வை, 'யாருக்குமே பெரிதாகக் கட்டி வரவில்லை, ஒப்பிட ஒன்றுமில்லை' என்று 2021-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு சளிக்கும் பயப்படத் தேவையில்லை.

சில பேர் மட்டும் இந்த ஆறுதலை அப்படியே எடுத்துக்க முடியாது. கர்ப்பிணிகள், குழந்தை பெற்று ஆறு வாரம் ஆகாதவர்கள், ஈஸ்ட்ரோஜென் உள்ள கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், அம்மா-அப்பாவுக்கு இளம் வயதிலேயே ரத்தக்கட்டி வந்தவர்கள். வில்லியனூர் தேருக்காகவோ வீட்டு விசேஷத்துக்காகவோ பீரியட்ஸைத் தள்ளிப்போட மாத்திரை போடுறது நம்ம பக்கம் ரொம்ப சாதாரணம். அதுவும் ஹார்மோன்தான். அட்மிட் ஆகும்போது டாக்டர் 'வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' என்று கேட்டால், பக்கத்தில் மாமியார் நிற்கிறார் என்று மறைக்காமல் சொல்லிடுங்க.

டிஸ்சார்ஜுக்குப் பிறகும் மாத்திரை வேண்டுமா என்பது இன்னும் நுணுக்கமான விஷயம். பிரேசிலில் சுமார் 320 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள கோவிட் நோயாளிகளுக்கு வீட்டுக்குப் போன பிறகும் 35 நாள் ரிவராக்ஸபான் 10 மி.கி கொடுத்தார்கள். கட்டி தொடர்பான பாதிப்பும் மரணமும் 9 சதவிகிதத்திலிருந்து 3 சதவிகிதமாகக் குறைந்தது. வேறு மருந்தை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில் இந்த அளவு தெளிவான பலன் தெரியவில்லை. ஆக, எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் மாத்திரை இல்லை இது. ஆனா, வீட்டுப் பெரியவர் புற்றுநோய்க்காரர், முன்பே கட்டி வந்தவர், ஐ.சி.யூ-வில் பல நாள் இருந்தவர் என்றால், 'வீட்டுக்குப் போன பிறகும் ஊசியோ மாத்திரையோ தேவைப்படுமா டாக்டர்?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டாக்டர் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்றும் கேட்கலாம். அட்மிட் ஆன நாளிலேயே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கு: 'இவங்களை எப்போ எழுப்பி நடக்கவைக்கலாம்?'

அரசு செய்யக்கூடியதும் பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. ஃப்ளூவுக்கான தடுப்பூசி தனியாரில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்வதாகத்தான் இங்கே இருக்கிறது, தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. அதை முதியவர்களுக்குக் கொண்டுவருவது டெல்லி எடுக்க வேண்டிய முடிவு, அதுக்கு நாளாகலாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் தமிழில் ரெண்டு வரி அச்சடிக்க டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. 'ஒரு கால் வீங்கினால், மூச்சு திடீரென்று வாங்கினால் உடனே வரவும். காலைத் தேய்க்க வேண்டாம்.' ஆரம்ப சுகாதார நிலைய ஏ.என்.எம்-கள் ஏற்கெனவே பிரஷரும் சுகரும் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். வில்லியனூர் பக்கத்து ராமநாதபுரத்தில் ஜிப்மர் கிராமப்புற சுகாதார மையமே நடத்துகிறது. நிமோனியாவோடு அட்மிட் ஆகித் திரும்பியவர்களின் பட்டியல் அந்தந்தப் பகுதி சுகாதார நிலையத்துக்குப் போய், மூன்று மாதத்தில் ரெண்டு தடவை யாராவது போய் டேப்பை வைத்து ரெண்டு காலையும் அளந்து பார்க்கும் ஏற்பாடு வந்தால் போதும். அடுத்த ஃப்ளூ சீசனில் ஸ்கூலுக்கு லீவு விடலாமா என்று யோசிக்கும் அதே கூட்டத்தில் இதையும் ஒரு அஜெண்டாவாக வைக்கலாம்.